நான் மாற்றி எடுத்த தாள்

போன மாதம் ரம்யா போன் பண்ணினாள். எங்கள் பழைய ஆய்வுக் குழுவில் இப்போது வேலை செய்கிற பெண். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய்ச் சின்ன வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிப்பது அவள் வேலை. நான் ஓய்வு பெறும்வரை செய்ததும் அதேதான். "அங்கிள், இனிமே பேப்பரே இல்ல. எல்லாம் டெப்லெட்லதான். புள்ள எந்தப் பாடத்த வாசிக்குதோ, அதுக்குரிய மார்க் ஷீட் தானாவே வந்துரும். பிழை விட வழியே இல்ல" என்றாள். குரலில் அத்தனை சந்தோஷம். நல்லதும்மா என்றேன். போனை வைத்த பிறகுதான், பிழை விட வழி இல்லாமல் இருந்திருந்தால் அமுதாவை யார் கண்டுபிடித்திருப்பார்கள் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அந்தக் கேள்வி என்னை விடுவதாக இல்லை. அதனால் எழுத உட்கார்ந்தேன். அமுதா என்பது அவளுடைய சொந்தப் பெயர் இல்லை. எழுதட்டுமா என்று முதலில் அவளிடமே கேட்டேன். "எழுதுங்க சார், பேர மட்டும் மாத்திருங்க" என்றாள். கேட்காமல் எழுதியிருந்தால் பிலோமினா மிஸ் என்னைச் சும்மா விடமாட்டார்.

மிஸ்தான் எங்கள் குழுவின் பொறுப்பாளர். மாத்தளை டவுன்காரர். பல வருடம் முதலாம் தர வகுப்புக்குப் படிப்பித்துவிட்டு ஆய்வு வேலைக்கு வந்தவர். நான் வந்தது வேறு வழி. உயர்தரப் பரீட்சை முடித்து, கடையொன்றில் கணக்கு எழுதி, அதில் மனம் ஒட்டாமல் விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போட்டேன். இரண்டு வாரப் பயிற்சி. பிள்ளைக்கு எதிரே உட்கார வேண்டும், அட்டையைக் கொடுக்க வேண்டும், ஸ்டொப்வாட்சை அமுக்க வேண்டும். பிள்ளை பிழையாக வாசிக்கிற சொல்லின் மேல் நம் தாளில் ஒரு கோடு. தடுமாறி நின்றால் மூன்று விநாடி பொறுத்து அடுத்த சொல்லைக் காட்ட வேண்டும். ஒரு நிமிடம் ஆனதும் "நன்றி". இவ்வளவுதான் வேலை. இதற்கு எதற்கு இரண்டு வாரம் என்று அன்றைக்கு நான் வாய்விட்டே கேட்டேன். மிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு மூணு வாரம் வேணும் போல இருக்கு யோகராஜ்" என்றார்.

உண்மையில் அந்த மூன்று விநாடியைப் பொறுப்பதற்கே எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பிள்ளை ஒரு சொல்லில் நின்றால் என் வாய் அரிக்கும். எடுத்துக் கொடுத்துவிடத் தோன்றும். வாசித்து முடித்தால் "கெட்டிக்காரி" என்று வந்துவிடும். மிஸ்ஸின் ராஜ்ஜியத்தில் அதெல்லாம் குற்றம். "ஒரு புள்ளைக்கி கெட்டிக்காரின்னு சொன்னா, சொல்லாம விட்ட புள்ள என்ன நெனக்கும்? நன்றின்னு மட்டும் சொல்லுங்க. எல்லாருக்கும் ஒரே குரல்ல சொல்லுங்க" என்பார். அவர் சொல்லும் நன்றி முதல் பிள்ளைக்கும் இருபதாவது பிள்ளைக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். கடவுளே வந்து வாசித்தாலும் அதே நன்றிதான்.

கழுத்தில் சிவப்பு நூலில் ஸ்டொப்வாட்ச், துணிப் பையில் இரண்டு பேனா. பென்சிலும் அழிறப்பரும் எங்கள் குழுவில் யாரும் வைத்திருக்கக் கூடாது. பிழையாக எழுதிவிட்டால் ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். பிள்ளைகளின் சின்னக் கதிரையில்தான் மிஸ் உட்காருவார். முதலில் "சாப்பிட்டியா?" என்று கேட்பார். இல்லை என்று தலையாட்டுகிற பிள்ளையை, பள்ளிக்கூடத்தில் சாப்பாடு கொடுத்து முடியும்வரை சோதிக்க விடமாட்டார். அதற்காக எத்தனையோ நாள் பஸ்ஸை விட்டிருக்கிறோம்.

வில்கமுவப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போனதை மறக்க முடியாது. பஸ் வராமல், நெல் மூட்டை ஏற்றிய டிரக்டரில் தொற்றிக்கொண்டு போய் இறங்கினோம். பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர், கொஞ்சம் பெருமைக்காரர். வகுப்பிலேயே நன்றாக வாசிக்கிற பத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி, தலை சீவி, வெள்ளையும் சொள்ளையுமாக வரிசையில் நிறுத்தி வைத்திருந்தார். எங்கள் விதிப்படி வகுப்புப் பெயர்ப்பட்டியலான இடாப்பிலிருந்து நாங்கள்தான் பெயர் எடுக்க வேண்டும். நான் முகத்தைச் சுளித்தேன். மிஸ் அதிபரிடம் சிங்களத்தில் மெதுவாக விளக்கினார். அதிபர் ஒப்புக்கொண்டு, அந்தப் பத்துப் பேரையும் வகுப்புக்குப் போகச் சொன்னார். "வேணாம், அவங்களும் வாசிக்கட்டும்" என்றார் மிஸ். பத்துப் பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, முழுச் சோதனையும் செய்து, நன்றி சொல்லி அனுப்பினார். அரை நாள் போயிற்று. அந்தத் தாள் ஒன்றும் எங்கள் ஆய்வில் சேராது. வரும் வழியில் நான் முணுமுணுத்தேன். "குளிச்சி உடுத்திக்கிட்டு வந்து நிக்கிற புள்ளய வாசிக்க விடாம திருப்பி அனுப்ப ஏலுமா யோகராஜ்?" என்று மட்டும் சொன்னார்.

இனி அமுதா.

யட்டவத்தைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடம். ஒரே மண்டபம், இடுப்பளவு அரைச்சுவர், நடுவில் தட்டிகள் வைத்து வகுப்புகளைப் பிரித்திருந்தார்கள். அன்று தமிழில் சோதிக்க மிஸ்ஸும் நானும்தான் போயிருந்தோம். எங்களிடம் இரண்டு வகை வாசிப்பு அட்டைகளும், ஒவ்வொரு கதைக்கும் தனித்தனியாகக் கோடு போடுகிற தாள்களும் இருந்தன. 'அ' அட்டையில் வேலி தாண்டிப் போன கறுப்பு ஆட்டின் கதை. 'ஆ' அட்டையில் சந்தையில் குடை வாங்கப் போன கதை. இடைவேளைக்கு முன் எல்லாரும் 'அ' வாசிப்பார்கள். இடைவேளையில் மிஸ் அந்த அட்டைகளை வாங்கி உறையில் போட்டு ஒட்டிவிடுவார். பிறகு வருகிறவர்களுக்கு 'ஆ'. பிள்ளைகள் ஒருவருக்கொருவர் கதையைச் சொல்லிவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு. பிள்ளை போனதும் அட்டையைத் திருப்பி, பின்பக்க மூலையில் இருக்கிற பொடி எழுத்தைப் பார்த்து, நம் தாளின் மேல் எழுத வேண்டும். இது மிஸ் கண்டுபிடித்த விதி. தலையெழுத்தே என்று தினமும் நான் செய்துகொண்டிருந்தேன்.

காத்திருக்கிற பிள்ளைகள் உட்காரும் நீள வாங்கு தூரத்தில் மரத்தடியில்தான் இருக்க வேண்டும். அன்று காலையிலேயே மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் நனைகிறார்களே என்று வாங்கைத் தூக்கிவந்து அரைச்சுவரின் அந்தப் பக்கம் தாழ்வாரத்தில் போட்டேன். மிஸ்ஸிடம் கேட்டேன், அவரும் சரி என்றார்.

இடைவேளை முடிந்து என் மேசைக்கு முதலில் வந்தவள் அமுதா. மூன்றாம் தரம். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை. அட்டையைக் கையில் கொடுத்தேன். நான் என் தாளைப் பார்த்துக்கொண்டு ஸ்டொப்வாட்சை அமுக்கினேன்.

அப்படி ஒரு வாசிப்பை அந்த வருடம் முழுக்க நான் கேட்கவில்லை. ஆடு வேலியைத் தாண்டுகிற இடத்தில் குரல் ஏறி, தோட்டக்காரர் கத்துகிற இடத்தில் கத்தி, நிமிடம் முடியுமுன்னே கதையை முடித்துவிட்டாள். என் தாளில் ஒரு கோடும் விழவில்லை. "நன்றி" என்றேன். மிஸ்ஸின் குரலில் சொன்னேனா தெரியாது. அட்டையைத் திருப்பி, எழுத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டேன்.

பள்ளிக்கூடத்தை விட்டு இறங்குமுன் எல்லாத் தாளையும் மிஸ் ஒவ்வொன்றாகப் பார்ப்பார். அமுதாவின் தாளில் அவர் கை நின்றது.

"இது 'அ' கதைக்கான தாள். மேல 'ஆ'ன்னு எழுதியிருக்கீங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காலையில் ஒரு பிள்ளை காய்ச்சலென்று வீட்டுக்குப் போய்விட்டதால் என் தாள்களுக்குள் ஒரு 'அ' தாள் மிஞ்சியிருந்தது. இடைவேளைக்குப் பிறகு அதைத்தான் முதலில் எடுத்திருக்கிறேன். வேலை போய்விடும் என்று பயம் வந்தது. "எழுத்த மாத்தி எழுதிட்டேன் மிஸ். 'அ'ன்னு திருத்திக் கையெழுத்துப் போட்டுர்றேன்" என்று பேனாவை எடுத்தேன். பொய் சொல்கிறோம் என்று தெரிந்தே எடுத்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மிஸ் பையிலிருந்து ஒட்டிய உறையை எடுத்து மேசையில் வைத்தார். "'அ' அட்டை எல்லாம் இதுக்குள்ள இருக்கு. அந்தப் புள்ள கையில இருந்தது 'ஆ' தான். நீங்க எழுதுனது சரி." பிறகு தாளை மறுபடி பார்த்தார். "குடைக் கதைய கையில வச்சிக்கிட்டு ஆட்டுக் கதைய ஒரு சொல்லு பிசகாம எப்படி வாசிச்சா?"

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அந்த வாங்கைப் பார்த்தோம்.

பள்ளிக்கூடம் விட்டிருந்தது. அமுதா பெரிய வகுப்பில் படிக்கும் அக்காவுக்காகப் படியில் உட்கார்ந்திருந்தாள். மிஸ் கூப்பிட்டு, சின்னக் கதிரையில் அவள் எதிரே உட்கார்ந்தார்.

"ஆட்டுக் கதைய எங்க கேட்ட?"

"காலையில வாங்குல இருந்து கேட்டேன் மிஸ். மூணு பேர் வாசிச்சாங்க."

"மூணே தடவையில முழுசா வந்துருச்சா? எனக்கு முப்பது தடவ கேட்டாலும் வராது" என்றார் மிஸ். அவர் ஒரு பிள்ளையை மெச்சி நான் கேட்டது அன்றுதான். "புத்தகத்தப் பாத்தா எப்பிடி இருக்கும் ஒனக்கு?"

"மாவு கொட்டின மாதிரி இருக்கும். பாத்துக்கிட்டே இருந்தா தல வலிக்கும்."

அக்கா வீட்டில் பாடத்தைச் சத்தம்போட்டு வாசிப்பாளாம். இவள் கேட்டுக்கொண்டே சாப்பிடுவாளாம். அவ்வளவுதான் படிப்பு. காலைக் கூட்டத்தில் நற்சிந்தனை வாசிப்பதும் இவள்தானாம். முதல் நாள் அக்கா ஒரு தடவை சொன்னால் போதுமாம். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

"இது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. சொன்னா என்னையும் அனுப்பிருவாங்க மிஸ்." அவளுடைய மாமா மகனுக்குப் பார்வை குறைவு. அவனைத் தூரத்தில் விடுதிப் பள்ளிக்கூடம் ஒன்றில் சேர்த்திருக்கிறார்கள். தீபாவளிக்குத்தான் வருவான். "எனக்குப் போக ஏலாது. இந்த சார் யாருக்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொன்னாரு" என்று என்னைக் காட்டினாள்.

சொன்னேன்தான். 'நீ வாசிப்பதை நாங்கள் யாருக்கும் சொல்லமாட்டோம்' என்பது ஒவ்வொரு பிள்ளையிடமும் நாங்கள் ஒப்புவிக்கிற வசனம். கிளிப்பிள்ளை மாதிரி நான் சொல்லிக்கொண்டிருந்ததை ஒரு பிள்ளை நம்பியிருக்கிறது. என்றாலும் இது கண் சம்பந்தமான விஷயம். நான் அதிபரின் அறைப் பக்கம் நடந்தேன். மிஸ் என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினார். "சொன்னது சொன்னதுதான்."

பிறகு அவர் செய்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பையிலிருந்து பழுப்பு உறை ஒன்றை எடுத்துக் கிழித்து விரித்து, மார்க்கர் பேனாவால் உள்ளங்கை அளவு எழுத்தில் 'மழை வந்தது' என்று எழுதினார். அமுதாவின் மூக்குக்கு முன் பிடித்தார். அவள் தலையாட்டினாள், தெரியவில்லை. மிஸ் ஒரு அடி பின்னால் போனார். இன்னும் ஒரு அடி. தட்டிகளைத் தள்ளிக்கொண்டு, மேசைகளில் இடித்துக்கொண்டு, அறுபதை நெருங்கிய அந்த மனுஷி தாளை நெஞ்சில் பிடித்தபடி பின்பக்கமாகவே நடந்துபோனார். மண்டபத்தின் கடைசிச் சுவரில் முதுகு முட்டியது.

"ம...ழை... வந்...தது" என்றாள் அமுதா.

மிஸ் தாளைத் திருப்பி, 'குடை எங்கே' என்று எழுதித் தூக்கினார். அதையும் எழுத்துக்கூட்டி வாசித்தாள். யாரும் சொல்லிக் கொடுக்காத வசனம். கடைசி வாங்கில் உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்தே எழுத்தெல்லாம் படித்து வைத்திருக்கிறாள். கிட்டே இருப்பதுதான் அவளுக்கு மாவு. நான் அவளுக்கு முதலில் முழுப் புள்ளி போட்டேன். பிறகு ஒன்றுமே தெரியாத பிள்ளை என்று நினைத்தேன். இரண்டும் பிழை.

மிஸ் மூச்சு வாங்க வந்து உட்கார்ந்தார். "ஒனக்கு வாசிக்க வருது அமுதா. கிட்ட இருக்கறதுதான் சரியா தெரியல. கண்ணாடி போட்டா சரியாகும்னு நெனக்கிறேன். ஆனா நான் டொக்டர் இல்ல. டொக்டர்கிட்ட காட்டணும்னா அம்மாகிட்ட சொல்லணும். சொல்லவா?"

"வேணாம்."

"சரி" என்றார் மிஸ். பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லிமாளாது. ஒரு பிள்ளையின் படிப்பே போகப்போகிறது, இவர் சட்டம் பார்க்கிறாரே என்று பல்லைக் கடித்தேன். இனி ஒரு வருடத்துக்கு யாரும் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு அட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்போவதில்லை. மிஸ் வழக்கத்தைவிட மெதுவாக நடந்தார். கேட் வரை வந்ததும் செருப்பில் மண் என்று நின்று தட்டினார். மறு செருப்பையும் தட்டினார். பின்னால் ஓடிவருகிற சத்தம் கேட்டது.

"மிஸ், கூட்டத்துல நான் வாசிக்கிறத வேற யாருக்கும் குடுத்துர மாட்டாங்கதானே?"

"அத நான் சத்தியம் பண்ண ஏலாது. ப்ரின்சிபல்கிட்ட கேக்கலாம். ஒன்ன பக்கத்துல வச்சிக்கிட்டுத்தான் கேப்பேன்."

அவள் பின்னலைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். "அப்ப அம்மாகிட்ட நானே சொல்றேன். நீங்க பக்கத்துல நில்லுங்க."

அம்மா கொழுந்து கொண்டுவந்து நிறுக்கிற இடத்துக்குப் போனோம். அம்மா முதலில் நம்பவில்லை. "என்னா மிஸ் சொல்றீங்க, கூட்டத்துல வாசிக்கிற புள்ளைக்கி கண்ணு தெரியாதா?" என்று சிரித்தார். அமுதா தானே முழுவதையும் சொன்னாள். கேட்கக் கேட்க அந்த முகம் மாறியது. "ஊசியில நூலு கோத்துத் தாடின்னா ஓடிருவா மிஸ். சோம்பேறின்னு அடிச்சிட்டேனே" என்று பிள்ளையை இழுத்து அணைத்துக்கொண்டு அழுதார். கடைசி பஸ் போனதை அன்று நான் முணுமுணுக்கவில்லை.

மறுநாள் அமுதாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மிஸ் சொன்னதை அதிபர் கேட்டுவிட்டு, "இவ்வளவு நாளும் பாக்காம வாசிச்சா, இனிமே பாத்து வாசிக்கட்டும். கூட்டம் அவளுக்குத்தான்" என்றார். மிஸ் வருடத்தில் ஒரு நாள்தான் லீவு எடுப்பார், வஹகோட்டைத் தேவாலயத் திருவிழாவுக்கு. அந்த வருடம் அந்த லீவில் தாயையும் மகளையும் கண் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார். கண்ணாடிதான், விடுதி தேவையில்லை என்று டொக்டர் சொன்னாராம்.

என் தாள் ரத்தாயிற்று. சரியான தாளை எடுத்திருந்தால் எல்லாச் சொல்லுக்கும் கோடு போட்டு, வாசிக்கத் தெரியாத பிள்ளை என்று அனுப்பியிருப்பேன். காரணம் எழுதும் இடத்தில் 'தாளை மாற்றி எடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். திருத்தப் போனதையும் மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். "தெரியும்" என்றார். பேனாவை வாங்கி, என் வரிக்குக் கீழே 'வாங்கை இடம் மாற்ற அனுமதித்தது நான்' என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். மேலிடத்துக்குப் போகிற தாள் அது. அந்த வரியை அவர் எழுதியிருக்கவே வேண்டியதில்லை.

அதே பிள்ளைகளை மறுபடி சோதிக்கிற சுற்று அடுத்த வருடம் வந்தது. மழை இல்லை. வாங்கு மரத்தடியில். அமுதா கண்ணாடியோடு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். முன்பல் முளைத்திருந்தது. 'ஆ' அட்டையைக் கொடுத்தேன்.

மெதுவாகத்தான் வாசித்தாள். குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாக விரலை வைத்து நகர்ந்தாள். நான் கோடு போட்டேன், மூன்று கோடு. ஒரு சொல்லில் நின்றாள். மூன்று விநாடி. காட்டுவதற்குக் கையை நீட்டினேன். "இருங்க சார், பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். நிமிடம் முடிந்தது. கதையில் பாதிகூட வரவில்லை. "நன்றி" என்றேன்.

அவள் நிறுத்தவில்லை. குடைக்காரர் விலை சொல்கிற இடம் வந்திருந்தது. முடிவு தெரியவேண்டும் அவளுக்கு. விதிப்படி அட்டையை வாங்க வேண்டும். நான் மிஸ்ஸைப் பார்த்தேன். ஒரு விநாடி கூடினாலும் தாளை ரத்துச் செய்கிறவர், தன் கழுத்தில் கிடந்த ஸ்டொப்வாட்சைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அமுதா கடைசிச் சொல்வரை வாசித்தாள். எவ்வளவு நேரம் எடுத்தது என்று எந்தத் தாளிலும் இல்லை.

வாசித்து முடித்து அட்டையை நீட்டியவள், என்ன நினைத்தாளோ, கையை இழுத்துக்கொண்டாள். அட்டையைத் திருப்பி, கண்ணாடிக்குக் கிட்டே கொண்டுபோய், மூலையில் இருந்த அந்தப் பொடி எழுத்தைப் பார்த்தாள்.

"இது 'ஆ' சார். ஒங்க தாளும் 'ஆ'தானா? பாருங்க."

பார்த்தேன். 'ஆ'தான்.